தினமும் மீல் மேக்கர் சாப்பிட்டால் உடம்பில் தங்கிப்போகுமா? எப்போது வெளியே போகும்?

நம்பியூர்க்காரன்:

புரட்டாசி பிறந்ததில் இருந்து எங்கள் வீட்டில் கறி கிடையாது, முட்டைகூட சமையல்கட்டுப் பக்கம் வரக்கூடாது. இதற்கென்றே வீட்டுக்காரி கோபி சந்தைக்குப் போனபோது ஒன்றரைக் கிலோ மீல் மேக்கரை மொத்தமாக வாங்கி வந்துவிட்டாள். திங்கட்கிழமை குருமா, செவ்வாய் பிரியாணி, புதன்கிழமை வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டுப் பள்ளிபாளையம் வறுவல் மாதிரி. நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. சனிக்கிழமை ஒருசந்தி விரதம் விட்டதும் மறுபடி அதே குருமா.

இப்போது பிரச்சினை என்னவென்றால் எங்கள் பங்காளி ஒருத்தன், ஜிம்முக்குப் போகிறவன், வந்து உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிறான். சோயாவில் பொம்பளை ஹார்மோன் இருக்கிறதாம், தினமும் சாப்பிட்டால் அது உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகுமாம், வெளியே வரவே வராதாம். நான் சிரித்துவிட்டு விட்டிருப்பேன், ஆனால் அம்மா பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கு 58 வயது, ஆறு வருடமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறார்கள். அன்றிலிருந்து அவர்களும் தொடுவதில்லை, ரசத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் வேண்டாம், அது எங்கே போனாலும் கிடைக்கிறது. சோயாவில் இருக்கிற அந்தச் சாமான் வயிற்றுக்குள் போனபின் என்ன ஆகிறது, ரத்தத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது, எந்த வழியாக வெளியே போகிறது? படித்தவர்கள் யாராவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பீளமேடு லேப்:

சேராதுங்க. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதிக் கதை கொஞ்சம் நீளம். நான் உயிர்வேதியியல் படித்துவிட்டு 11 வருடமாக ரத்தமும் சிறுநீரும் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன், மருத்துவர் இல்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் பங்காளி சொல்லும் சாமானுக்கு ஐசோஃபிளேவோன் என்று பெயர். சோயாவில் முக்கியமாக மூன்று: ஜெனிஸ்டீன், டைட்சீன், கிளைசிடீன். மூன்றாவது ஆள் அளவில் கொஞ்சம்தான், விட்டுவிடலாம். வடிவத்தில் இவை பெண்களின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்குக் கொஞ்சம் சாயல் உள்ளவை, அதனால்தான் இத்தனை பேச்சு. சாயல்தான், அதுவே இல்லை. அந்த ஹார்மோன் போய் உட்காரும் இடத்தில் இவையும் உட்காரும், ஆனால் வேலையில் மிகவும் மந்தம்.

செடி இதைத் தனியாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சர்க்கரையைக் கோத்துத்தான் பயறுக்குள் வைத்திருக்கும். அந்தச் சர்க்கரையோடு இருக்கும்வரை குடல் சுவர் அதை உள்ளே விடாது, கடலைக்காயைத் தொலியோடு விழுங்கின மாதிரிதான். தொலிப்பது யார் என்றால், முதல் ஆள் சிறுகுடல் சுவரில் இருக்கும் லாக்டேஸ் நொதி. பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கிறதே, அதே நொதிதான். அதனிடம் தப்பித்தது பெருங்குடலுக்குப் போய்ச் சேரும், அங்கே பாக்டீரியாக்கள் வெட்டிவிடும். அதனால் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வேலை நடந்துவிடுகிறது, கொஞ்சம் தாமதமாக நடக்கும், அவ்வளவுதான்.

சர்க்கரை கழன்றதும் உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் உடம்பு அதைச் சும்மா விடுவதில்லை. திருப்பூரில் பனியன் தைத்து முடித்த கையோடு டேக் மாட்டிப் பெட்டியில் போடுவார்களே, அந்த மாதிரி குடல் சுவரிலேயே ஒரு தடவை, கல்லீரலில் இன்னொரு தடவை என்று குளுக்குரோனிக் அமிலம் அல்லது சல்பேட் ஒன்றை அதன் மேல் மாட்டிவிடும். இது ஏன் என்றால், டேக் மாட்டினால் தண்ணீரில் நன்றாகக் கரையும், கரைந்தால் சிறுநீரகம் சுலபமாக வெளியே தள்ளிவிடும். இன்னொரு பலனும் உண்டு, டேக் மாட்டிய நிலையில் அதன் ஹார்மோன் வேலை கிட்டத்தட்ட அடங்கிவிடுகிறது. ரத்தத்தில் சுற்றுவதில் பெரும்பகுதி இப்படி டேக் மாட்டியதுதான், மாட்டாமல் திரிவது நூற்றுக்குச் சில. பங்காளியிடம் இதை மட்டும் சொன்னால்கூடப் போதும், பாதி பயம் போய்விடும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கல்லீரல் டேக் மாட்டியதில் ஒரு பகுதியைப் பித்தத்தோடு கலந்து மறுக்கா குடலுக்கே அனுப்பிவிடும். குடலில் இருக்கும் பாக்டீரியா அந்த டேக்கைப் பிய்த்துப் போட்டுவிடும், பிய்த்ததும் அது இன்னொரு முறை உள்ளே நுழையும். ஒரு சுற்று சுற்றி வந்து அதே வாசலில் நிற்கிற விருந்தாளி மாதிரி. அதனால்தான் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் சின்னதாக ஒரு ஏற்றம், அப்புறம் நாலில் இருந்து எட்டு மணி நேரத்துக்குள் பெரிய ஏற்றம் என்று இரண்டு மேடு தெரியும். நீங்கள் மதியம் ஒரு மணிக்குக் குருமா சாப்பிட்டால் பொழுதோடு விளக்கு வைக்கும் நேரத்தில் அல்லது ராத்திரிச் சாப்பாட்டு வேளையில்தான் ரத்தத்தில் உச்சம்.

அப்புறம் இறங்க ஆரம்பிக்கும். பாதியாகக் குறைய சுமார் 7 முதல் 9 மணி நேரம். எட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள், கணக்குக்கு வசதி. எட்டு மணி நேரத்தில் பாதி, பதினாறில் கால், ஒரு முழு நாளில் எட்டில் ஒரு பங்கு, இரண்டு நாளில் 64-இல் ஒரு பங்கு. சரி, தினமும் சாப்பிட்டால்? நேற்றையதில் எட்டில் ஒன்று மிச்சம், முந்தாநாள் 64-இல் ஒன்று, அதற்கு முந்தையது 512-இல் ஒன்று, இப்படியே எத்தனை வருடம் கூட்டினாலும் பழைய பாக்கி மொத்தம் ஏழில் ஒரு பங்கைத் தாண்டாது. பேப்பரில் போட்டுப் பாருங்கள். புரட்டாசி முழுக்கச் சாப்பிட்டாலும் சரி, வருடம் முழுக்கச் சாப்பிட்டாலும் சரி, அந்த மட்டம் அங்கேயே நின்றுவிடும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கிட்டத்தட்டத் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

வெளியே போகும் வழி பெரும்பாலும் சிறுநீர். டைட்சீனில் நூற்றுக்கு 30 முதல் 50 வரை சிறுநீரில் பிடிக்க முடியும், ஜெனிஸ்டீனில் 10 முதல் 20 வரைதான். மலத்தில் போவது மிகச் சொற்பம். அப்படியானால் மீதி எங்கே என்று கேட்பீர்கள். அது தங்கவில்லை, குடல் பாக்டீரியா அதைத் தின்று வேறு சாமானாக மாற்றிவிட்டது. அது தனிக் கதை, யாராவது கேட்டால் சொல்கிறேன்.

சிவகிரி 638109:

அக்கா சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் ஆம்பளைகளுக்கு மார்பு வீங்குது என்று எல்லாரும் சொல்கிறார்களே, நெருப்பில்லாமல் புகையுமா? நானும் ஜிம்முக்குப் போகிறவன்தான், எங்கள் மாஸ்டர் சோயா என்றாலே மூஞ்சியைச் சுளிக்கிறார், வே புரோட்டீன் டப்பா அவரிடமே விற்பனைக்கு இருக்கிறது என்பது வேறு விஷயம்.

பீளமேடு லேப்:

கடைசி வரியிலேயே பதிலைச் சொல்லிவிட்டீர்கள்.

நெருப்பு இருந்தது உண்மை, ஆனால் எவ்வளவு நெருப்பு என்று பாருங்கள். அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவருக்கு மார்பு வீங்கியதை 2008-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். விசாரித்தால் அந்த மனிதர் தினமும் கிட்டத்தட்ட மூன்று லிட்டர் சோயா பால் குடித்திருக்கிறார். நிறுத்தியதும் சரியாகிவிட்டது. மூன்று லிட்டர்! நம் ஊரில் எருமைப் பாலைக்கூட யாரும் அப்படிக் குடிப்பதில்லை. சாதாரண அளவில் சாப்பிட்ட ஆண்களை வைத்து நடந்த சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் ஆண் ஹார்மோன் குறைந்ததாகத் தெரியவில்லை.

அளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் பெரியவர்கள் காலங்காலமாக ஒரு நாளைக்கு 25 முதல் 50 மில்லிகிராம் வரை ஐசோஃபிளேவோன் சாப்பிட்டு வருகிறார்கள். உலர்ந்த மீல் மேக்கர் 100 கிராமில் நூறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கும், அது எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சோயா மாவு, அதனால் செறிவு அதிகம். ஆனால் ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுகிறோம், உலர்ந்ததாக 25 கிராம் இருக்குமா? அதையும் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்துதானே போடுகிறோம், பிழிகிற தண்ணீரோடு கொஞ்சம் போய்விடும். ஆக ஜப்பான்காரர் கணக்குக்குள்தான் வரும். சோயா எண்ணெயில் இது அநேகமாகக் கிடையாது, நூடுல்ஸ் கடைக்காரர் ஊற்றும் சோயா சாஸிலும் பேருக்குத்தான்.

பல்லடம் கோழிப்பண்ணை:

நமக்குப் படிப்பு கம்மிங்க, ஆனால் சோயாவோடு 22 வருடப் பழக்கம். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் இல்லை என்றால் பல்லடத்தில் ஒரு கோழி வளராது, நாமக்கல்லில் ஒரு முட்டை உருளாது. உடுமலையில் சோளம் கிடைத்துவிடும், சோயா மட்டும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா என்று அக்கட்ட இருந்து லாரியில் வரவேண்டும், இந்தூர் பக்கம் மழை தப்பினால் இங்கே எங்களுக்கு வயிறு கலங்கும்.

புண்ணாக்கு சரியாக வேகாமல் வந்தால் கோழிக்கு என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். தீவனம் தின்னும், எடை போடாது, எச்சம் தண்ணியாகப் போகும். பச்சைச் சோயாவில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கிற சாமான் ஒன்று இருக்கிறதாம், டிரிப்சின் தடுப்பான் என்று தீவன ஆலைக்கு வரும் டாக்டர் சொல்வார், சூட்டில்தான் அது அடங்கும். அதனால் யாராவது சத்து மாவுக்குச் சோயாவை வறுக்காமல் அரைத்துப் போடாதீர்கள். வீட்டில் ஒரு தடவை அந்தக் கூத்து நடந்தது, ராத்திரி முழுக்க யாரும் தூங்கவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் அக்கா. பாக்டீரியா தின்று வேறு சாமானாக மாற்றும் என்றீர்களே. கோழிக்கும் அப்படித்தானா? அப்படியானால் முட்டையிலும் வருமா? எங்கள் அப்பாரு காலத்தில் ஆடு மேய்த்த கதை ஒன்று உண்டு, சில காட்டில் மேய்ந்தால் ஆடு சினை பிடிக்காது என்பார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்று ரோசனை.

பீளமேடு லேப்:

அண்ணா, உங்கள் அப்பாரு சொன்னது எந்தச் செடி என்று எனக்குத் தெரியாது, ஆனால் அச்சு அசலாக அதே கதை மேற்கு ஆஸ்திரேலியாவில் 1940-களில் நடந்திருக்கிறது. ஒரு வகைக் குளோவர் தீவனப்பயிரை மேய்ந்த செம்மறிகள் கூட்டம் கூட்டமாகச் சினை பிடிக்காமல் போயின. தேடிப் பார்த்தால் அந்தப் பயிரில் ஃபார்மோனோனெட்டின் என்று ஒன்று, அது ஆட்டின் இரைப்பையில் டைட்சீனாக மாறி, டைட்சீன் ஈகுவால் என்ற வேறொன்றாக மாறிவிடுகிறது. ஆட்டுக்கு ராத்திரி பகல் அதே மேய்ச்சல் என்பதால் ரத்தம் முழுக்க ஈகுவால். நம் காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில் ஆடுமாட்டுக்குக் கொழுக்கட்டைப் புல்தான், நம் ஆடுகளுக்கு அந்த வம்பு இல்லை.

அந்த ஈகுவாலை முதலில் பிரித்தெடுத்தது 1932-இல், சினைக் குதிரையின் சிறுநீரில் இருந்து. பெயரே குதிரையில் இருந்து வந்ததுதான். ஐம்பது வருடம் கழித்து 1982-இல்தான் மனிதச் சிறுநீரிலும் அதைப் பார்த்தார்கள். பார்த்தபோதுதான் ஒரு விநோதம் தெரிந்தது. எல்லோரிடமும் இல்லை! ஒரே சோயாவைச் சாப்பிட்ட இரண்டு பேரில் ஒருவர் சிறுநீரில் ஈகுவால் கொட்டுகிறது, இன்னொருவருக்குத் துளியும் இல்லை.

காரணம் உடம்பு இல்லை, குடலில் குடியிருக்கும் பாக்டீரியா. மனித உடம்பால் ஈகுவாலைச் செய்யவே முடியாது. அதற்கான பாக்டீரியா யார் வயிற்றில் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும்தான் டைட்சீன் ஈகுவாலாகும். மேல்நாடுகளில் நூற்றுக்கு 25, 30 பேர். ஜப்பான், கொரியா, சீனாவில் 50, 60 பேர். சைவம் சாப்பிடுகிறவர்களிடமும் கூடுதலாகப் பார்த்திருக்கிறார்கள். பிறந்து சில மாதமே ஆன குழந்தைகளுக்கு அநேகமாக இல்லை, அந்தப் பாக்டீரியா இன்னும் குடிவரவில்லை. ஈகுவால் செய்யாதவர்களிலும் பெரும்பாலோர் டைட்சீனை வேறு வழியில் உடைத்து இன்னொரு சாமானாக அனுப்பிவிடுகிறார்கள், ஜெனிஸ்டீனும் அப்படியே உடைந்து உடைந்து சாதாரண ஃபீனால் வகையாக முடிந்துபோகும். நான் முன்னால் சொன்ன மீதிக் கணக்கு இதுதான்.

ஈகுவாலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை என்றால், அது டைட்சீனைவிட ஹார்மோன் இருக்கையில் இறுக்கமாக உட்காரும், ரத்தத்தில் கூடுதலாகச் சுதந்திரமாகவும் திரியும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்குத் திடீர் திடீரென்று உடம்பு காந்துமே, அதற்குச் சோயா கொடுத்துப் பார்த்ததில் சில சோதனையில் பலன், சில சோதனையில் ஒன்றுமில்லை. யார் ஈகுவால்காரர், யார் இல்லை என்று பிரிக்காமல் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டியதும் அந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று பேசுகிறார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

கோழி பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், கோழிக் குடலிலும் ஈகுவால் ஆகும், முட்டை மஞ்சளில் துளி அளவு வரும். மாட்டுப் பாலிலும் உண்டு. ரொம்பச் சின்ன அளவு. சோயாவே தொடாத பங்காளி ஆம்லெட் சாப்பிடும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள்.

நம்பியூர்க்காரன்:

சிரித்துச் சிரித்து டீ மேலே கொட்டிக்கொண்டேன். புரட்டாசி முடியட்டும், முதல் ஆம்லெட்டை அவனுக்கே போட்டுக் கொடுத்துவிட்டுச் சொல்கிறேன்.

கணக்கை என் பெண்ணை வைத்துப் போட்டுப் பார்த்தேன், பத்தாவது படிக்கிறாள், ஏழில் ஒன்று சரியாக வருகிறது என்றாள். ஒன்று மட்டும் இடிக்கிறது. அக்காவுக்கு (என் கூடப் பிறந்த அக்கா, கவுந்தப்பாடியில் இருக்கிறது) போன மாதம் காய்ச்சல், சளி என்று ஆன்டிபயாடிக் ஒரு வாரம் கொடுத்தார்கள். பாக்டீரியாதான் இத்தனை வேலையும் செய்கிறது என்றால் அதன்பின் என்ன ஆகும்? அப்புறம் அம்மாவின் தைராய்டு விஷயத்தை யாரும் தொடவில்லையே.

தாராபுரம் டீச்சர்:

தைராய்டு என்றதும் எழுதாமல் போக முடியவில்லை, ஏனென்றால் இதில் நான் பட்டிருக்கிறேன்.

எனக்கு 14 வருடமாக மாத்திரை. இரண்டு வருடம் முன்னால் எலும்புக்கு நல்லது என்று யாரோ சொல்லி, ராகியும் வறுத்த சோயாவும் சேர்த்து அரைத்து வைத்துக்கொண்டு தினமும் காலையில் கூழ் காய்ச்சிக் குடிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூட அவசரம், வெடியால எழுந்து மாத்திரையைப் போட்டதும் பத்து நிமிடத்தில் கூழ். மூன்று மாதத்தில் ஒரே அசதி, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, குளிர் தாங்கவில்லை. ரத்தம் பார்த்தால் டி.எஸ்.ஹெச். (தைராய்டு குறைந்தால் ஏறுகிற அளவு) ஏறிக் கிடக்கிறது. மாத்திரை அளவைக் கூட்டிக் கொடுத்தார்கள், அதற்கும் பெரிதாக அசையவில்லை. அப்புறம் வேறொரு மருத்துவர்தான் உட்காரவைத்துக் காலையில் எழுந்ததில் இருந்து என்னென்ன வாயில் போடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கூழைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னது இதுதான். சோயா என் தைராய்டைக் கெடுக்கவில்லை. மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதற்குத்தான் அது குறுக்கே நிற்கிறது. இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, காப்பி எல்லாமே அந்த வேலையைச் செய்யும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, சோயாவுக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார், ஒரு வாரம் நிறையச் சாப்பிட்டு அடுத்த வாரம் அறவே நிறுத்துவது என்று ஆட்டம் காட்டாமல் ஒரே சீராகச் சாப்பிடுங்கள், அப்போதுதான் மாத்திரை அளவை நிலையாக வைக்க முடியும் என்று. கூழை மதியத்துக்கு மாற்றினேன். பழைய அளவு மாத்திரைக்கே இறங்கிவிட்டேன்.

உங்கள் அம்மா ஆறு மணிக்கு மாத்திரை போட்டு மதியம் ஒரு மணிக்குக் குருமா சாப்பிட்டால் ஏழு மணி நேரம் இடைவெளி. ஆனாலும் அடுத்த தடவை போகும்போது மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அயோடின் உப்புதானா வீட்டில் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லுப்பு மோகத்தில் பல வீட்டில் அது காணாமல் போய்விட்டது.

பீளமேடு லேப்:

டீச்சர் சொன்னதற்கு மேல் எனக்குச் சேர்க்க ஒன்றுமில்லை. அனுபவித்தவர்கள் சொன்னால் தனிதான்.

ஆன்டிபயாடிக் கேள்வி நல்ல கேள்வி. ஒரு வாரம் மாத்திரை போட்டால் குடலில் குடியிருப்பவர்கள் பாதிப் பேர் காலி. ஈகுவால் ஆவது குறையும், சிலருக்குக் கொஞ்ச நாள் நின்றேகூடப் போகலாம். சர்க்கரையை வெட்டுவது, பித்தத்தோடு வந்ததின் டேக்கைப் பிய்ப்பது எல்லாமே மந்தமாகும், அதனால் இரண்டாவது சுற்று சரியாக நடக்காது. பயப்பட ஒன்றுமில்லை. குருமாவில் இருந்த புரதம் அக்காவுக்கு வழக்கம்போலப் போய்ச் சேர்ந்திருக்கும்.

கொஞ்சம் கவனம் வேண்டியவர்கள் சிறுநீரகம் பழுதானவர்கள். டேக் மாட்டி அனுப்பினாலும் வாசல் அடைத்திருந்தால் எப்படிப் போகும்? டயாலிசிஸில் இருப்பவர்களிடம் இது ரத்தத்தில் பல மடங்கு நேரம் நிற்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் மேலே போட்ட ஏழில் ஒன்று கணக்குச் செல்லாது. புரதம், பொட்டாசியம் என்று வேறு கட்டுப்பாடும் இருக்கும், அதனால் கேட்காமல் எதுவும் சாப்பிட வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் சோயா மாத்திரை, சோயா பவுடர் வகையறாவை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. சாப்பாட்டில் வருவது வேறு, டப்பாவில் செறிவாக அடைத்தது வேறு.

வாயு பற்றி யாரும் கேட்கவில்லை, வெட்கப்படுகிறீர்கள் போல. அது ஐசோஃபிளேவோன் வேலை இல்லை. ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று இரண்டு சர்க்கரை சோயாவில் உண்டு, நமக்கு அதை உடைக்கும் நொதி கிடையாது, பெருங்குடலில் பாக்டீரியாவுக்கு விருந்து, நமக்கு வயிறு உப்பல். முழுப் பயறாகச் செய்தால் ராத்திரி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். தோசை மாவில் ஒரு பிடி சோயா சேர்த்து அரைத்தால் இன்னும் நல்லது, மாவு புளிக்கும்போதே பாக்டீரியா கொஞ்சம் வேலையை முன்கூட்டியே முடித்துவிடும், ஐசோஃபிளேவோன் மேல் இருக்கும் சர்க்கரையும் ஓரளவு அங்கேயே கழன்றுவிடும். ஜப்பான்காரர் மிசோவும் இந்தோனேசியாக்காரர் டெம்பேயும் சோயாவை இப்படிப் புளிக்கவைத்துச் செய்வதுதான்.

ஈரோட்டுக்காரர்கள் யாராவது இருந்தால் ஒரு உபரிச் செய்தி. மஞ்சளில் இருக்கும் குர்குமினுக்கும் குடல் சுவரும் கல்லீரலும் இதே டேக்தான் மாட்டுகின்றன. அதற்கு இன்னும் மோசம், உள்ளே நுழைவதே கடினம், நுழைந்ததும் டேக் போட்டு வெளியே. மிளகில் இருக்கும் பைபரின் அந்த டேக் வேலையைத் தாமதப்படுத்தும் என்பதால்தான் மஞ்சளோடு மிளகு சேர்க்கச் சொல்வது, 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் இருந்து வந்த ஆய்வு அது. எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) பாலில் இரண்டையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள், டேக்கைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை.

சிவகிரி 638109:

சரிங்க அக்கா, நான் குருமா சாப்பிடுகிறேன். மாஸ்டரிடம் சொல்லவில்லை.

நம்பியூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். குதிரை மூத்திரம் என்று வந்த இடத்தில் மட்டும் "கெரகம், சோறு திங்கற நேரத்துல இதையா படிக்கற" என்று திட்டினார்கள். டீச்சர் எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். இத்தனை நாளும் அவர்கள் மாத்திரை போட்டதும் காப்பி குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், அது இன்றைக்குத்தான் எனக்கே தெரிகிறது. சோயாவை விட்டுவிட்டு நாங்கள் பிடிக்க வேண்டியது அந்தக் காப்பியைத்தான் போல. அடுத்த வாரம் ரத்தம் பார்க்கப் போகிறோம்.

இன்று மதியம் அம்மா குருமா சாப்பிட்டார்கள், கொஞ்சமாகத்தான். புரட்டாசி முடிய இன்னும் 11 நாள் இருக்கிறது, மீல் மேக்கர் முக்கால் கிலோ அப்படியே கிடக்கிறது. பள்ளிபாளையம் மாதிரி வறுப்பது தவிர வேறு ஏதாவது செய்முறை இருந்தால் சொல்லுங்கள், பிரியாணி மட்டும் வேண்டாம், மூன்று தடவை ஆகிவிட்டது.